கத்திக்கு முன் ஒரு படம்: கண்ணின் மேல் சதை வளர்ந்தவர்கள் ஸ்கேனுக்குப் போகும்போது

கோயம்புத்தூரில் ஒரு கண் மருத்துவமனையின் படப்பிரிவில் பல ஆண்டுகளாக வேலை செய்கிறேன். பொள்ளாச்சி, தாராபுரம், கோபி, பல்லடம் என்று பல ஊர்களிலிருந்தும் விடியற்காலை பஸ் ஏறி வந்தவர்கள் கையில் ஒரு சீட்டுடன் என் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பார்கள். சீட்டில் 'ஏஎஸ்-ஓசிடி' என்று எழுதியிருக்கும். கண்ணின் முன்பகுதியை ஒளியால் படம் எடுக்கும் ஸ்கேன் அது. உள்ளே வந்ததும் அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "கண்ணில் சதைதானே, எடுத்துவிட்டால் போகிறது. இதற்கு எதற்கு ஸ்கேன்?"

நியாயமான கேள்வி. நம் பக்கத்தில் கண்ணில் சதை என்பது அவ்வளவு சாதாரணம். காடு தோட்டத்தில் நாள் முழுக்க வெயிலில் நிற்பவர்கள், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் ஆடிக் காற்றில் புழுதி தின்றுகொண்டு வேலை செய்பவர்கள் என்று ஊருக்குப் பத்துப் பேருக்காவது மூக்கின் பக்கத்திலிருந்து கருவிழியை நோக்கி ஒரு சிவந்த சிறகு வளர்ந்திருக்கும். டாக்டர்கள் அதை டெரிஜியம் என்பார்கள். அது புற்றுநோய் அல்ல. ஆனால் அதே இடத்தில், அதே வெயிலால், கிட்டத்தட்ட அதே தோற்றத்தில் வேறொன்றும் வளரும். கண்ணின் மேல்தோலில் தொடங்கும் புற்றுவகைக் கட்டி அது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து ஓஎஸ்எஸ்என் என்று சுருக்கமாகச் சொல்வார்கள். டாக்டர் ஸ்லிட் லேம்ப் என்னும், கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் விளக்குக் கருவியில் பார்த்தே பல நேரம் இரண்டையும் பிரித்துவிடுவார். பிரிக்க முடியாத நேரத்துக்குத்தான் இந்தச் சீட்டு.

முதன்முறை இந்தச் சீட்டை வாங்குகிறவர்களுக்காகவும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் மகன், மகள், பேரப்பிள்ளைகளுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எதைப் பார்த்தால் புறப்பட வேண்டும்

கருவிழியும் வெள்ளையும் சேரும் வட்ட ஓரத்தைக் கண்ணாடியில் கவனியுங்கள். இதற்கு லிம்பஸ் என்று பெயர். மேற்பரப்புக் கட்டிகள் பெரும்பாலும் இந்த ஓரத்தில்தான், அதுவும் இமை திறந்திருக்கும்போது வெயில் படும் பகுதியில் தொடங்குகின்றன. பக்கவாட்டிலிருந்து வரும் வெயிலைக் கருவிழியே ஒரு லென்ஸ் போலக் குவித்து மூக்கின் பக்கத்து ஓரத்தில் விழச் செய்கிறது என்று ஆஸ்திரேலியக் கண் மருத்துவர் மினாஸ் கொரோனியோ 1993இல் ஒரு விளக்கம் தந்தார். தலைக்குத் துண்டு கட்டினாலும் பக்கத்து வெயில் உள்ளே வரத்தான் செய்யும். அகலமான ஓரமுள்ள தொப்பியும், பக்கம் மூடிய கறுப்புக் கண்ணாடியும் வேண்டும் என்பது அதனால்தான்.

சதை சில மாதங்களுக்குள் வளர்ந்தால், மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்தால், காலிஃப்ளவர் போல மேடு தட்டினால், சுற்றிலும் தடித்த ரத்தக்குழாய்கள் அதைத் தேடி ஓடிவருவதுபோல் தெரிந்தால், ஒரு முறை எடுத்த சதை திரும்ப முளைத்தால் தாமதிக்காதீர்கள். வெள்ளையில் இருக்கும் மச்சம் பெரிதாவது, நடுவயதுக்குப் பிறகு புதிதாகப் பழுப்புக் கறை படர்வது, இமைக்குள் இளஞ்சிவப்பாக வழுவழுப்பான ஒரு திட்டு தெரிவது ஆகியவையும் இந்த வரிசைதான். பெரும்பாலும் வலி இருக்காது. வலி இல்லை என்பதற்காகவே ஒரு வருடம் தள்ளிப்போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் விட வேண்டாம். சதையை அவை கரைப்பதில்லை; கிருமி சேர்ந்து கருவிழி புண்ணானால் வேறு துன்பம். ஏற்கெனவே விட்டிருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

புறப்படுவதற்கு முன்

அவிநாசி சாலையில் இருக்கும் அரவிந்த் கண் மருத்துவமனை 1997 முதல் கோவையில் இயங்குகிறது. சத்தி சாலையில் சங்கரா கண் மருத்துவமனை இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் கண் பிரிவுகளும் உண்டு. எங்கே போனாலும் முதலில் போன் செய்து, "கண்ணின் முன்பகுதிக்கு எடுக்கும் ஓசிடி இருக்கிறதா, கருவிழிப் பிரிவு டாக்டர் எந்த நாள் வருகிறார்" என்று கேளுங்கள். விழித்திரைக்கு எடுக்கும் ஓசிடி பல ஊர்களில் வந்துவிட்டது. அதிலேயே கூடுதல் லென்ஸ் மாட்டி முன்பகுதியையும் எடுக்கலாம் என்றாலும் எல்லா இடத்திலும் அந்த லென்ஸ் இருப்பதில்லை. ஒரு போன் அழைப்பு ஒரு நாள் கூலியை மிச்சப்படுத்தும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால் எடுத்து வாருங்கள். எந்தச் செலவுக்குப் பொருந்தும் என்று காப்பீட்டுக் கவுண்டரில் சொல்வார்கள்.

பலர் கொண்டுவர நினைக்காத ஒன்று பழைய புகைப்படம். கல்யாண ஆல்பம், பேரனின் காதுகுத்துப் படம், மொபைலில் இருக்கும் நெருக்கமான முகப்படம் என்று எதுவானாலும் சரி. "இந்த மச்சம் எத்தனை வருடமாக இருக்கிறது?" என்று டாக்டர் கேட்கும்போது, இருபது வயதுப் படத்திலேயே அது இருந்தால் பாதி பயம் அங்கேயே தெளிந்துவிடும். போன வருடத்துப் படத்தில் இல்லாத கறை இந்த வருடம் இருந்தால் அதுவும் பெரிய செய்தி. முன்பு அறுவை நடந்திருந்தால் அந்தச் சீட்டும், திசுப் பரிசோதனை முடிவும் கட்டாயம் வேண்டும்.

அன்று காலை கண்ணுக்கு மை வேண்டாம். களிம்பு மருந்தும் வேண்டாம். மேற்பரப்பில் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் படம் மங்கும். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் கண்ணாடி அணிந்து வாருங்கள். வெறும் வயிற்றோடு வரத் தேவையில்லை, நன்றாகச் சாப்பிட்டுவிட்டே வரலாம். டாக்டர் விழித்திரையையும் பார்க்க நினைத்தால் கண்பாப்பாவை விரிக்கும் மருந்து விடுவார்கள். அதற்குப் பின் சில மணி நேரம் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். அன்று பைக் ஓட்டித் திரும்ப முடியாது. துணைக்கு ஒருவர் வேண்டும்.

வரிசை முக்கியம்

படப்பிரிவில் எதை முதலில் எடுப்பது, எதைக் கடைசியில் எடுப்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. கண்ணைத் தொடாதவை முதலில், தொடுபவை பிறகு. தொட்டாலோ, ஜெல் வைத்தாலோ, சாயமருந்து விட்டாலோ மேற்பரப்பு மாறிவிடும். அதனால் முதலில் வண்ணப் புகைப்படம், அடுத்து ஓசிடி, தேவையென்றால் அதற்குப் பிறகே மற்றவை. எங்கள் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் இதைத்தான் முதல் நாள் சொல்லித்தருகிறேன்.

வண்ணப் படம் ஸ்லிட் லேம்பில் பொருத்திய கேமராவில் எடுப்பது. நேராகப் பார்க்கச் சொல்லி ஒன்று, நான்கு பக்கமும் பார்க்கச் சொல்லி நான்கு, இமைகளைப் புரட்டி உள்ளே இரண்டு. இமையைப் புரட்டுவது கொஞ்சம் அசௌகரியம்தான், ஆனால் அங்கே ஒளிந்திருப்பதை வேறு எப்படியும் பார்க்க முடியாது. ஒவ்வொரு முறையும் அதே உருப்பெருக்கம், அதே வெளிச்சம் இருக்க வேண்டும். அப்போதுதான் ஆறு மாதம் கழித்து எடுக்கும் படத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பேச முடியும்.

ஓசிடி அறையில்

ஒளியைக் கொண்டு குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் இந்த முறை 1991இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரையின் மூலம் உலகுக்குத் தெரிந்தது. 1994இல் கண்ணின் முன்பகுதிக்கும் வந்தது. வயிற்றுக்கு எடுக்கும் ஸ்கேன் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கிறது அல்லவா, இது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அனுப்பித் திரும்பிவருவதை அளக்கிறது. எக்ஸ்ரே கதிர் கிடையாது. ஊசி கிடையாது. கருவி கண்ணைத் தொடுவதே இல்லை. கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் எடுக்கலாம்.

தாடையை அதன் தாங்கியில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி உட்கார வேண்டும். சதை வலது கண்ணின் மூக்கோரத்தில் இருந்தால் வலது பக்கம் பார்க்கச் சொல்வோம். அப்போதுதான் அந்த ஓரம் கருவியின் முன் நேராக வரும். மேலிமைக்கு அடியில் இருந்தால் இமையைத் தூக்கிப் பிடித்துக் கீழே பார்க்கச் சொல்வோம். "இப்போது இமைத்துக்கொள்ளுங்கள்... சரி, திறந்து வையுங்கள்" என்ற பிறகு ஓரிரு விநாடிதான். இப்படிப் பல கோணங்களில், பல கோடுகளில் எடுப்போம். மூச்சை அடக்க வேண்டியதில்லை. கழுத்து வலிக்கும் வயதானவர்கள் சொல்லிவிட்டு இடையில் ஓய்வெடுக்கலாம்.

ஒரு நல்ல படத்தில் கட்டி மட்டும் இருந்தால் போதாது. பக்கத்தில் இருக்கும் நல்ல தோலும் அதே கோட்டில் விழ வேண்டும். காரணத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சோதனையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

திரையில் கண் ஒரு கறுப்பு வெள்ளைக் குறுக்குவெட்டாகத் தெரியும். மரத்தை அறுத்தால் பட்டை, உள்மரம் என்று தெரிகிறதல்லவா, அப்படி. கருவிழியின் மேல்தோல் சுமார் 50 மைக்ரான் தடிமன்; ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். தலைமுடி ஒன்றைவிட மெல்லியது. நல்ல கருவிகள் 5 மைக்ரான் அளவுக்கு நுணுக்கமாகப் பிரித்துக் காட்டும். நல்ல மேல்தோல், படத்தில் மங்கலான ஒரு மெல்லிய நாடா. அதன் கீழே இருக்கும் திசு அதைவிட வெளிச்சமாக இருக்கும்.

டெரிஜியத்தில் அந்த மெல்லிய நாடா அப்படியே இருக்கும். அதற்குக் கீழே, கருவிழிக்கும் நாடாவுக்கும் நடுவில், நார்த்திசு ஆப்பு அடித்ததுபோல் வெளிச்சமாக நுழைந்திருக்கும். நோய் அடியில், மேல்தோல் அப்பாவி.

ஓஎஸ்எஸ்என் இதற்கு நேர்மாறு. மேல்தோலே தடித்து வெள்ளை வெளேரென்று தெரியும். பக்கத்து நல்ல தோல் மெல்லிசாக வந்துகொண்டே இருந்து, ஓரிடத்தில் சட்டென்று தடிக்கும். தறியில் மெல்லிய நூல் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று தடித்த நூல் மாறிவிட்டால் துணியில் ஒரு கோடு விழும். பல்லடத்துக்காரர்களுக்கு இதைச் சொன்னால் உடனே புரியும். அந்தக் கோட்டைப் பிடிக்கத்தான் நல்ல தோலையும் சேர்த்து எடுக்கிறோம். மேல்தோல் 120 மைக்ரானைத் தாண்டுவதை எல்லையாக வைத்துப் பார்த்த ஆய்வுகள் இரண்டையும் நன்றாகப் பிரித்தன. ஆனாலும் எண்ணை மட்டும் பார்த்து யாரும் முடிவு செய்வதில்லை. தடிமன், வெளிச்சம், சட்டென்ற அந்த மாற்றம் மூன்றும் சேர்ந்து வர வேண்டும்.

மற்றவற்றுக்கும் அடையாளங்கள் உண்டு. சாதாரண மச்சத்துக்குள் சின்னச் சின்னக் கறுப்பு நீர்ப்பைகள் தெரிவது ஆறுதலான அறிகுறி. மெலனோமா என்னும் கறுப்புப் புற்று மேல்தோலுக்குக் கீழே திரண்டிருக்கும். நிறமி ஒளியை விழுங்குவதால் அதற்கு அடியில் நிழல் விழுந்து அடிப்பாகம் தெரியாமல் போகும். நிறமே இல்லாத மெலனோமாவும் உண்டு, அது இளஞ்சிவப்பாக இருந்து ஏமாற்றும். லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று வழுவழுப்பான எல்லையோடு ஒரே சீரான மங்கல் திரளாக, மேலே நல்ல தோலைப் போர்த்திக்கொண்டு கிடக்கும்.

நிழலுக்குக் கீழே பார்க்க

ஓசிடியின் ஒளி தடித்த கட்டிக்குள்ளும், கறுத்த கட்டிக்குள்ளும், வெள்ளைச் சுண்ணாம்புப் படிவுக்கு அடியிலும் போகாது. கட்டி எவ்வளவு ஆழம், கண்ணின் சுவரைத் துளைத்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமென்றால் யுபிஎம். கனடாவின் டொரன்டோவில் உருவான ஒலி ஸ்கேன் இது. வயிற்று ஸ்கேனின் ஒலியைவிடப் பத்து மடங்குக்கு மேல் அதிர்வெண், சுமார் 50 மெகாஹெர்ட்ஸ். ஐந்து மில்லிமீட்டர் ஆழம் வரை போகும். ஓசிடி அளவுக்கு நுணுக்கம் இல்லை. மேல்தோலின் மெல்லிய மாற்றத்தை இதில் தேட முடியாது. ஆழத்துக்கு இது, நுணுக்கத்துக்கு அது.

யுபிஎம் கண்ணைத் தொடும். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, படுக்கவைத்து, இமைகளுக்கு நடுவே சிறு கிண்ணம் பொருத்தி அதில் உப்புநீர் நிரப்பிப் பார்ப்பார்கள், அல்லது உறை மாட்டிய கருவியை மெதுவாக வைப்பார்கள். குளிர்ச்சியாக இருக்கும், வலிக்காது. அண்மையில் கண் அறுவை நடந்திருந்தாலோ, கருவிழியில் புண் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். முடிந்த பிறகு அரை மணி நேரமாவது கண்ணைத் தேய்க்காதீர்கள். மரத்திருக்கும் கண்ணில் கீறினாலும் தெரியாது.

கன்ஃபோகல் நுண்ணோக்கி என்று இன்னொன்று இருக்கிறது. உயிரோடிருக்கும் கண்ணிலேயே தனித்தனிச் செல்களைக் காட்டும். ஆனால் ஒரு முறை பார்ப்பது அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த சதுரம், ஆழமும் குறைவு, கருவியும் சில பெரிய மையங்களில்தான் உண்டு. உங்கள் சீட்டில் இது எழுதப்படுவது அரிது.

படத்தால் சொல்ல முடியாதது

எந்த ஸ்கேனும் பயாப்சிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, மாற்று ஆகாது. மேல்தோலில் தொடங்கிய கட்டி அடித்தளத்தைத் துளைத்து நுண்ணளவில் உள்ளே இறங்கியிருக்கிறதா என்பதை ஓசிடி உறுதியாகச் சொல்லாது. டெரிஜியத்தின் ஒரு மூலையில் ஓஎஸ்எஸ்என் ஒளிந்திருப்பதும் உண்டு. நாம் கோடு போட்ட இடத்தில் அது விழாவிட்டால் படத்தில் வராது. ஆகவே டாக்டர் ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் "ஸ்கேன் எடுத்தாயிற்றே" என்று மறுக்க வேண்டாம். எங்கே துணுக்கு எடுப்பது, எவ்வளவு அகலம் வெட்டுவது என்று திட்டமிட அதே படம்தான் உதவுகிறது. கட்டி என்று சந்தேகித்தால் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு வெளியே 3 முதல் 4 மில்லிமீட்டர் நல்ல திசுவையும் சேர்த்து எடுப்பார்கள். சாதாரணச் சதை என்று நினைத்து எடுப்பவர் அப்படி எடுக்க மாட்டார்.

ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வெள்ளாமை செய்யும் ஒரு பெரியவர் பேரனோடு வந்திருந்தார். வேறோர் இடத்தில் இரண்டு முறை சதை எடுத்தாயிற்று, மூன்றாம் முறை முளைத்திருக்கிறது. எடுத்ததை லேபுக்கு அனுப்பினார்களா என்று கேட்டேன். "அதை எதற்குங்க அனுப்புவார்கள், குப்பையில் போட்டிருப்பார்கள்" என்றார். பேரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பாருக்கு என்னங்க?" என்று கேட்டான். படம் வந்தது: தடித்த மேல்தோல், சட்டென்ற அந்தக் கோடு. பயாப்சியும் அதையே சொன்னது. முதல் முறை எடுத்த சதையை ஒரு சின்னக் குப்பியில் போட்டு அனுப்பியிருந்தால் அவருக்கு இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை. எனவே கேட்டுக்கொள்கிறேன்: உங்கள் கண்ணிலிருந்து எடுக்கும் எந்தச் சதையானாலும், "இது லேபுக்குப் போகிறதுதானே, முடிவு எப்போது வரும்?" என்று அறுவைக்கு முன்பே கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

இன்னொன்று. வயது குறைந்தவர்களுக்கு இந்தக் கட்டி வந்தால் எச்ஐவி ரத்தப் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு இது அதிகம் வருகிறது என்பதால் கேட்கிறார்கள். உங்கள் நடத்தையைச் சந்தேகிக்கவில்லை. முடிவு ரகசியமாகவே இருக்கும். தயங்காமல் செய்துகொள்ளுங்கள்.

மருந்து விடும் மாதங்கள்

ஓஎஸ்எஸ்என் எல்லாவற்றுக்கும் கத்தி தேவையில்லை. இன்டர்ஃபெரான், 5-ஃபுளோரோயுராசில், மைட்டோமைசின் போன்ற சொட்டு மருந்துகளாலேயே பல கட்டிகள் கரைகின்றன. வாரங்களும் மாதங்களும் ஆகும். சில மருந்துகள் குளிரிலேயே இருக்க வேண்டும். ஊர் திரும்பும் பஸ்ஸில் ஐஸ் டப்பா தேவையா, வீட்டு ஃபிரிட்ஜில் எந்தத் தட்டில் வைப்பது என்று மருந்தகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். சில மருந்தை ஒரு வாரம் விட்டு, மூன்று வாரம் நிறுத்தி, மறுபடி விடச் சொல்வார்கள். நாட்காட்டியில் குறித்துவைப்பது நல்லது.

ஓசிடியின் பெரிய பயன் இந்தக் கட்டத்தில்தான் என்று நான் நினைக்கிறேன். மருந்து விடவிடக் கண் வெள்ளையாகும். கண்ணாடியில் பார்த்தால் ஒன்றுமே இல்லாததுபோல் இருக்கும். "போய்விட்டது, இனி எதற்குக் கோவைக்கு அலைய வேண்டும்" என்று தோன்றும் நாள் அதுதான். ஆனால் அதே நாளில் படம் எடுத்தால் பழைய இடத்தில் மேல்தோல் இன்னும் சிறு துண்டாகத் தடித்திருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத அந்த மிச்சம் படத்திலும் மறையும் வரை டாக்டர் மருந்தைத் தொடரச் சொல்வார். பாதியில் விட்டவர்களுக்கு அங்கிருந்தே திரும்ப முளைக்கிறது.

அதனால் ஒவ்வொரு முறையும் அதே மருத்துவமனை, முடிந்தால் அதே கருவி. பழைய கோட்டின் மேலேயே புதிய கோட்டையும் போட்டு ஒப்பிட அப்போதுதான் முடியும். இடம் மாற வேண்டியிருந்தால் அச்சிட்ட படம் மட்டும் போதாது. ஓசிடிப் படங்களை சிடியிலோ பென்டிரைவிலோ பதிந்து தரச் சொல்லுங்கள், கூடவே வண்ணப் படங்களையும். கண் முழுதும் தெளிந்த பிறகும் டாக்டர் சொல்லும் இடைவெளியில் வந்து காட்ட வேண்டும். இந்தக் கட்டி பல மாதம் கழித்தும் திரும்பக்கூடியது. மஞ்சள் வெட்டு, பொங்கல், மாரியம்மன் நோன்பு என்று எது இருந்தாலும் முன்கூட்டிச் சொன்னால் நாளை மாற்றித் தருவார்கள். அந்தப் பெரியவர் இப்போது நான்கு மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். தாடையை வைக்கச் சொல்லும் முன்பே வைத்து, வலது பக்கம் பார்த்துக்கொண்டு காத்திருக்கிறார்.